நடந்து பார்க்கலாம்: அடுத்தவர் வயலுக்குள் ஒரு பொதுப் பாதை

சிப்பிங் கேம்ப்டன், பிராட்வே. இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளின் வடக்கு ஓரத்தில் அக்கம்பக்கமாக இருக்கும் இரண்டு சின்ன ஊர்கள். காரில் கிளம்பினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால், வார இறுதி வந்துவிட்டால் பலர் காரை ஓரங்கட்டிவிட்டு, முதுகில் ஒரு பையும் காலில் சேறு படிந்த பூட்ஸுமாக நடந்தே போகிறார்கள். தூரம் சுமார் 10 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம்.

இந்தப் பாதைக்கு டிக்கெட் கிடையாது. வழியில் நிறைய கேட்கள் உண்டு, பூட்டு இல்லை. ஆடு மேயும் புல்வெளி, கோதுமை வயல், ஒரு பண்ணை வீட்டின் வேலியோரம் என்று பாதை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அதில் பெரும்பகுதி அரசு நிலமும் இல்லை, பூங்காவும் இல்லை. யாரோ ஒருவரின் சொந்த நிலம். பத்திரமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், யாரிடமும் கேட்காமல் அதன் நடுவே நடந்து போகலாம். நில உரிமையாளரே நினைத்தாலும் தடுக்க முடியாது.

இது எப்படிச் சாத்தியமானது? இரண்டு ஊருக்கும் நடுவே நடந்தால் பதில் கிடைக்கிறது.

ஆட்டு ரோமம் கட்டிய ஊர்

நடை தொடங்குவது சிப்பிங் கேம்ப்டனின் ஹை ஸ்ட்ரீட்டில். 'சிப்பிங்' என்பது சந்தையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. சந்தைக் கேம்ப்டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

தெருவின் இருபுறமும் தேன் நிறத்தில் கல் வீடுகள். வெயில் பட்டால் வெல்லப்பாகு ஊற்றியதுபோல மின்னும். சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்தபோது படிந்த சுண்ணாம்புக்கல் அது. அடியில் கிடைத்த கல்லையே வெட்டி மேலே வீடு கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஊரே ஒரே நிறத்தில் இருக்கிறது.

கல் நிலத்தடியில் கிடைத்தது. காசு எங்கிருந்து வந்தது? ஆட்டிடமிருந்து. 'காட்ஸ்வோல்ட் சிங்கம்' என்று செல்லப்பெயர் வாங்கிய ஓர் ஆட்டினம் இங்கே உண்டு. கண்ணை மறைக்கும் அளவுக்கு நீளமாகத் தொங்கும் ரோமம். இடைக்காலத்தில் இங்கிலாந்துக் கம்பளிக்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேல்சபையில் அவைத்தலைவர் உட்காரும் இருக்கை இன்றும் கம்பளி அடைத்த மெத்தைதான். நாட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அது அடையாளம்.

கேம்ப்டனில் வாழ்ந்த வில்லியம் கிரெவெல் அந்தக் காலத்துப் பெரும் கம்பளி வணிகர். 1401-ல் இறந்தார். 14-ம் நூற்றாண்டில் அவர் கட்டிய வீடு இன்னும் தெருவோரத்தில் நிற்கிறது. ஊர்த் தேவாலயத்தில் அவர் கல்லறைமீது பதித்த பித்தளைத் தகடு, இங்கிலாந்தின் கம்பளி வணிகர்களிலேயே அவரை மலராகப் புகழ்கிறது.

தெருவின் நடுவே கல் தூண்களோடு நிற்கும் சந்தை மண்டபம் 1627-ல் சர் பாப்டிஸ்ட் ஹிக்ஸ் என்ற செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்க வருபவர்கள் மழையில் நனையக் கூடாது என்பதற்காக. மேடும் பள்ளமுமாகத் தேய்ந்த அதன் கல் தரையில் இன்றைக்கும் மழைக்கு ஒதுங்குகிறார்கள். 1940களில் இந்த மண்டபம் விலைபோக இருந்தது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி, 'நேஷனல் டிரஸ்ட்' என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் பொறுப்பில் சேரும்படி செய்தார்கள். ஊருக்குப் பொதுவான ஒன்று தனியார் கைக்குப் போகப்போகிறது என்று தெரிந்ததும் கூடிச் செயல்படும் பழக்கம் இங்கே உண்டு. வழியில் இன்னும் சில இடங்களில் அதைப் பார்க்கலாம்.

மண்டபத்துக்குப் பக்கத்திலேயே 'காட்ஸ்வோல்ட் வே' நெடும்பாதையின் தொடக்கத்தைக் குறிக்கும் வட்டக் கல் இருக்கிறது. இங்கே ஆரம்பித்து தெற்கே பாத் நகரம் வரை 102 மைல், அதாவது சுமார் 164 கிலோமீட்டர் நடக்கும் பாதை அது. கேம்ப்டனிலிருந்து பிராட்வே வரையிலான நடை, அந்த நெடும்பாதையின் முதல் துண்டு.

ஒலிம்பிக் நடந்த மேடு

ஊரைத் தாண்டியதுமே ஏற்றம். மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது டோவர்ஸ் ஹில் வந்துவிடும். மேட்டின் விளிம்பில் நின்றால் கீழே ஈவ்ஷாம் சமவெளி விரிகிறது. பழத்தோட்டங்களுக்கும் காய்கறிக்கும் பேர்போன பூமி. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே மால்வெர்ன் மலைகளின் முதுகு தெரியும்.

இந்த மேட்டுச் சரிவு இயற்கையாகவே கேலரிபோல வளைந்திருக்கிறது. 1612 வாக்கில் ராபர்ட் டோவர் என்ற வழக்கறிஞர் இதைப் பார்த்து, இங்கே ஒரு விளையாட்டுத் திருவிழாவைத் தொடங்கினார். பெயர் 'காட்ஸ்வோல்ட் ஒலிம்பிக்ஸ்'. ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கியது 1896-ல்தான். அதற்குக் கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கிராமத்து மேட்டில் அந்தப் பெயர் ஒலித்திருக்கிறது.

ஓட்டம், குதிரைப் பந்தயம், மல்யுத்தம் எல்லாம் இருந்தன. அதிகம் பேசப்பட்டது 'ஷின் கிக்கிங்'. இருவர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே எலும்பில் உதைத்து அவரைக் கீழே தள்ள வேண்டும். இப்போதும் இந்தப் போட்டி நடக்கிறது. போட்டியாளர்கள் ஆட்டிடையர்கள் அணியும் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, கால்சட்டைக்குள் வைக்கோலைத் திணித்துக்கொள்கிறார்கள். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குழந்தை குட்டிகளோடு ஊரே மேட்டில் கூடிவிடும்.

ஆனால், இந்தத் திருவிழா 1852-ல் நின்றுபோனது. காரணம்தான் இங்கே முக்கியம். அதுவரை அந்த மேடு பொது நிலமாக இருந்தது. அதைப் பங்குபோட்டு நில உரிமையாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் கொடுத்து வேலி அடைத்துவிட்டார்கள். விளையாட இடம் இல்லாமல் போனதும் விளையாட்டும் போய்விட்டது. நூறு ஆண்டுகள் கழித்து 1951-ல் ஒருமுறை நடத்திப் பார்த்தார்கள். 1960களில்தான் ஆண்டுதோறும் நடக்கும் விழாவாக அது திரும்பவும் உயிர்பெற்றது.

நடுவில் 1920களில் இந்த மேட்டுக்கு இன்னொரு ஆபத்து வந்தது. ஹோட்டல் கட்டும் திட்டம். அப்போது கேம்ப்டனில் வாழ்ந்துகொண்டிருந்த எஃப்.எல்.கிரிக்ஸ் என்ற ஓவியர் முன்நின்று நிலத்தை வாங்கவைத்து, அது நேஷனல் டிரஸ்ட் வசம் போக வழிசெய்தார். மேடு இன்றைக்கும் எல்லோருக்கும் திறந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

வேலிக்குத் தப்பிய வழிகள்

டோவர்ஸ் ஹில்லில் நடந்தது அந்த ஒரு மேட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1604 முதல் 1914 வரை, பொது நிலங்களை வேலிபோட்டுத் தனியாருக்குப் பிரித்துத் தர பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாக்கள் 5,200-க்கும் மேல். அதில் அடங்கிய நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். அதுவரை ஆடு மாடு மேய்த்து, விறகு பொறுக்கிப் பிழைத்த ஏழைக் குடும்பங்களுக்கு அந்த வேலி பெரிய அடி.

நிலம் கைமாறியது. ஆனால், கால்கள் பழகிய வழிகள் பல அப்படியே தங்கின. தேவாலயத்துக்குப் போகும் வழி, மாவு மில்லுக்குப் போகும் வழி, பக்கத்து ஊர்ச் சந்தைக்கு வெண்ணெய்க் கூடையோடு போகும் வழி. இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு பழைய கோட்பாடு உண்டு. ஒரு வழி ஒருமுறை பொதுவழி ஆகிவிட்டால், சட்டப்படி மூடும்வரை அது என்றென்றைக்கும் பொதுவழிதான். நிலத்தை எத்தனை பேர் வாங்கி விற்றாலும் வழி அதோடு கூடவே போகும்.

பொதுவழி எப்படி உருவாகிறது என்பதற்கும் சட்டத்தில் விடை இருக்கிறது. 20 ஆண்டுகள் தொடர்ந்து பொதுமக்கள் ஒரு வழியில் நடந்திருக்க வேண்டும். ஒளிந்து நடந்திருக்கக் கூடாது. அனுமதி கேட்டு நடந்திருக்கக் கூடாது. யாரும் தடுத்திருக்கவும் கூடாது. அப்படி நடந்திருந்தால், நில உரிமையாளர் அந்த வழியைப் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பிரச்னை வேறு இடத்தில் இருந்தது. எந்தெந்த வழி பொதுவழி என்று எங்கேயும் முழுமையாக எழுதிவைக்கவில்லை. தகராறு வந்தால் ஊர்ப் பெரியவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டு கோர்ட் படி ஏற வேண்டும். மில் வேலை பார்க்கும் ஆளுக்கு அது ஆகிற காரியமா?

20-ம் நூற்றாண்டில் தொழில் நகரங்களின் புகையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் தப்பித்து மலைக்காற்று வாங்க வந்த தொழிலாளர்களும் இந்தச் சிக்கலில் மாட்டினார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று வடக்கே பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மலைமீது சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினார்கள். அது பிரபுக்களின் பறவை வேட்டைக்காக ஒதுக்கிய நிலம். காவலாட்களோடு கைகலப்பு ஆனது. ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். 2002-ல், அந்தச் சம்பவத்தின் 70-ம் ஆண்டு விழாவில் டெவன்ஷயர் பிரபு மேடையேறி, தன் தாத்தா காலத்தில் நடந்ததற்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

சட்டம் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 1949-ல் தேசியப் பூங்காக்கள் மற்றும் கிராமப்புற அணுகல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கவுண்டி நிர்வாகமும் தன் எல்லையில் உள்ள பொதுவழிகளைக் கணக்கெடுத்து அதிகாரப்பூர்வ வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. 1950களில் கிராம அளவிலான பாரிஷ் கவுன்சில்கள்தான் பல இடங்களில் வயல் வயலாக அலைந்து அந்தக் கணக்கை எடுத்தன. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்படிப் பதிவான பொதுவழிகளின் நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர்.

உழுதாலும் வழி விட வேண்டும்

டோவர்ஸ் ஹில்லைத் தாண்டினால் 'மைல் டிரைவ்' என்ற அகலமான புல்வெளித் தடம். மேடு பள்ளம் இல்லாததால் குழந்தைகள் இங்கே ஓடுவார்கள். அதற்கப்புறம் வயல்கள்.

நடப்பவருக்கு வழிகாட்ட கம்பங்களில் சின்ன அம்புக்குறிகள் இருக்கும். மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். ஓக் மரத்தின் கொட்டைச் சின்னம் தெரிந்தால் தேசிய நெடும்பாதையில்தான் இருக்கிறோம் என்று அர்த்தம்.

வேலி வரும் இடங்களில் 'கிஸ்ஸிங் கேட்' இருக்கும். அரைவட்டக் கூண்டுக்குள் முன்னும் பின்னும் ஆடும் ஒற்றைக் கதவு. ஆள் உள்ளே நுழைந்து, கதவைத் தள்ளிவிட்டு, மறுபக்கமாக வெளியேறலாம். ஆடு மாடுகளால் அப்படித் திரும்ப முடியாது. கதவு கூண்டின் இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டுத் தொட்டு நிற்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். ஜோடியாக வருபவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

வயலுக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் வரும் கேள்வி, விவசாயிக்கு இதில் நஷ்டம் இல்லையா என்பதுதான். சட்டம் இருவர் பக்கமும் யோசித்திருக்கிறது. வயல் ஓரமாகப் போகும் பாதையை உழக் கூடாது. வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை, வேறு வழியில்லை என்றால் விவசாயி உழுதுகொள்ளலாம். ஆனால், விதைப்புக்கான முதல் உழவு முடிந்த 14 நாள்களுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்பச் சமப்படுத்தித் தர வேண்டும். அடுத்தடுத்த வேலைகளுக்கு 24 மணி நேரம்தான் கெடு. பயிர் வளர்ந்து பாதையை மூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இடுப்பு உயரக் கோதுமைக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல ஒரு கோடு ஓடுவதைப் பார்த்தால், அது தானாக உருவானதல்ல. ஒரு விவசாயி ஒவ்வொரு பருவமும் மெனக்கெட்டு விட்டுக்கொடுத்த இடம்.

நடப்பவருக்கும் கடமை இருக்கிறது. அவருக்குக் கிடைத்தது போய் வரும் உரிமை மட்டும்தான். பாதையை விட்டு விலகி வயலில் இறங்கக் கூடாது. திறந்த கேட்டை மூட வேண்டும். ஒரு கேட் திறந்து கிடந்தால் ஒரு மந்தையே சாலைக்குப் போய்விடும். ஆடுகள் குட்டி போடும் வசந்த காலத்தில் நாயை அவிழ்த்துவிட்டால், பயத்திலேயே சினை ஆடுகளுக்குக் குட்டி கலையலாம்.

மாடுகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கன்றோடு நிற்கும் பசுக்கள் நாயைக் கண்டால் மிரண்டு பாயும். நடப்பவர்கள் மாடுகளிடம் மிதிபட்டு உயிரிழந்த சம்பவங்கள் பிரிட்டனில் உண்டு. நாயைக் கயிற்றில் பிடித்தபடி மந்தையைச் சுற்றிப் போக வேண்டும். ஒருவேளை மாடு துரத்தினால் நாயைக் கயிற்றிலிருந்து விட்டுவிட வேண்டும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. நாய் ஓடித் தப்பித்துவிடும். ஆள்தான் பிழைக்க வேண்டும்.

இந்தப் பாதையின் கம்பங்களையும் கேட்களையும் யார் பராமரிப்பது? அரசு நிதி ஒருபுறம் இருக்க, காட்ஸ்வோல்ட்ஸில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தன்னார்வக் காவலர்கள் இயங்குகிறார்கள். பலர் ஓய்வுபெற்றவர்கள். முள்புதர் வெட்டுவது, உடைந்த படியை மாற்றுவது, சேற்றில் கல் நிரப்புவது அவர்கள் வேலை. 'காட்ஸ்வோல்ட் வே' என்ற யோசனையே நடப்பவர்களிடமிருந்து 1950களில் வந்ததுதான். 1970-ல் பாதை முறைப்படி அறிமுகமானது. தேசிய நெடும்பாதை அந்தஸ்து கிடைக்க 2007 ஆகிவிட்டது. பெரும்பாலும் புதிதாக ஒரு பாதையும் வெட்டவில்லை. ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருந்த ஒற்றையடிப் பாதைகளைக் கோத்து ஒன்றாக்கினார்கள்.

கோபுரத்தின் உச்சியில்

வயல்களைக் கடந்தால் ஃபிஷ் ஹில். இங்கே ஏ44 நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்ட வேண்டும். வண்டிகள் வேகமாக வரும் இடம் என்பதால் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. பிறகு ஒரு மரச்சோலை. அதைத் தாண்டினால் வானத்தில் கோட்டை மாதிரி ஒன்று நிற்கும். பிராட்வே டவர்.

கோட்டை மாதிரி இருக்கிறதே தவிர, இங்கே எந்தப் போரும் நடக்கவில்லை. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் லேடி கவென்ட்ரி என்ற சீமாட்டிக்காகக் கட்டிடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் வடிவமைத்தது. இந்த மேட்டில் தீ மூட்டினால் தொலைவில் இருக்கும் தன் மாளிகையிலிருந்து தெரியுமா என்று அவருக்கு ஒரு சந்தேகம். மூட்டிப் பார்த்தார்கள், தெரிந்தது. அதே இடத்தில் கோபுரம் எழுந்தது. மேடு 312 மீட்டர் உயரம், கோபுரம் 20 மீட்டர். மேலே ஏறினால் 16 கவுண்டிகள் தெரியும் என்கிறார்கள். கோபுரத்துக்குள் போக மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். பக்கத்துப் பாதையில் நடக்கவும், அங்கே நின்று காற்று வாங்கவும் காசு வேண்டாம்.

1870களில் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் இங்கே வந்து தங்கினார். பழைய கட்டிடங்களை இடிக்காமல் காக்க 1877-ல் ஒரு சங்கம் தொடங்கியவர் அவர். பனிப்போர்க் காலத்தில் கோபுரத்துக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் ஓர் அறை தோண்டினார்கள். அணுகுண்டு விழுந்தால் எங்கே விழுந்தது, கதிர்வீச்சு எவ்வளவு என்று கணித்துச் சொல்ல தன்னார்வலர்கள் காத்திருந்த அறை. இன்று அதற்கு மேலே செம்மான்கள் மேய்கின்றன.

அகலத் தெருவில் முடியும் நடை

கோபுரத்திலிருந்து பிராட்வே வரை ஒரே இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற்றத்தைவிட இந்த இறக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும். இறங்கும் வழியிலேயே க்ளாஸ்டர்ஷயர் கவுண்டியில் தொடங்கிய நடை வூஸ்டர்ஷயர் கவுண்டிக்குள் வந்துவிட்டது என்பதை ஊர்ப் பலகைகள் சொல்லும்.

பிராட்வே என்றால் அகலமான வழி. பெயருக்கு ஏற்ற தெரு. குதிரைகள் இழுத்த கோச்சு வண்டிகளின் காலத்தில் லண்டனுக்கும் வூஸ்டருக்கும் போகும் பயணிகள் இங்கேதான் இறங்கிச் சாப்பிட்டார்கள். ஃபிஷ் ஹில் ஏற்றத்துக்குக் கூடுதல் குதிரைகள் பூட்டினார்கள். 1850களில் அருகே ரயில் வந்ததும் கோச்சுகள் நின்றன. ஊர் தூங்கிப்போனது.

அந்த அமைதியைத் தேடி ஓவியர்கள் வந்தார்கள். ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1885, 1886 ஆகிய இரண்டு ஆண்டுகளின் இலையுதிர் காலத்தில் இந்த ஊரில் தோட்டத்தில் நின்று, காகித விளக்கேற்றும் இரண்டு சிறுமிகளை வரைந்தார். அவருக்கு வேண்டிய அந்தி வெளிச்சம் தினமும் சில நிமிடங்கள் மட்டும்தான் கிடைக்கும். அதற்காக ஓர் ஓவியத்துக்கு இரண்டு ஆண்டுகள் காத்திருந்து வரைந்தார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற படங்களில் அதுவும் ஒன்று.

பிராட்வேக்கு 1904-ல் வந்த ரயில் நிலையம் 1960-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கவும்பட்டது. ரயில்மீது பிரியம் கொண்ட தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து அதைத் திரும்பக் கட்டி, 2018 மார்ச்சில் நீராவி ரயிலை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சந்தை மண்டபம், டோவர்ஸ் ஹில், ரயில் நிலையம் என்று மூன்று இடங்களிலும் கதை ஒன்றுதான். போய்விடும் என்று தெரிந்தபோது யாரோ சிலர் சும்மா இருக்கவில்லை.

வரைபடத்தில் இல்லாத வழிகள்

கேம்ப்டன் - பிராட்வே பாதைக்கு இனி ஆபத்தில்லை. வரைபடத்தில் இருக்கிறது, தேசிய அந்தஸ்தும் இருக்கிறது. பதிவாகாமல் விட்டுப்போன வழிகளின் நிலைதான் வேறு.

1950களின் கணக்கெடுப்பு எல்லா ஊரிலும் ஒரேமாதிரி நடக்கவில்லை. சில ஊர்களில் ஒவ்வொரு வழியையும் குறித்தார்கள். சில ஊர்களில் விட்டுவிட்டார்கள். 2000-ல் வந்த சட்டம், பழைய வழிகளைப் பதிவுசெய்ய 2026 ஜனவரி 1 வரை கெடு வைத்தது. அதற்குள் பதிவாகாவிட்டால் 1949-க்கு முந்தைய பல வழிகளின் உரிமை அழிந்துவிடும். தன் நிலத்தில் என்றைக்கு எந்தப் பழைய வழி முளைக்குமோ என்று நில உரிமையாளர்கள் காலமெல்லாம் கவலைப்படக் கூடாது என்பது அதற்குச் சொன்ன நியாயம்.

நடப்பவர்களின் அமைப்பான ராம்ப்ளர்ஸ் சும்மா இருக்கவில்லை. 2020-ல் பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் இணையத்தில் பக்கம் பக்கமாக வைத்து, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை ஒப்பிடச் சொன்னது. வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் அவர்கள் தேடிக் கண்டுபிடித்த 'காணாமல் போன' வழிகளின் நீளம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 49,000 மைலுக்கும் மேல். கிட்டத்தட்ட 79,000 கிலோமீட்டர்.

இங்கிலாந்துக்கான கெடு பிறகு 2031-க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில், கெடுவையே எடுத்துவிடப்போவதாக பிரிட்டன் அரசு அறிவித்தது. ஆனாலும் அந்த வழிகள் தானாக வரைபடத்தில் ஏறிவிடாது. ஒவ்வொன்றுக்கும் பழைய ஆவணம் தேடி, ஊரில் விசாரித்து, கவுண்டி நிர்வாகத்திடம் விண்ணப்பம் போட வேண்டும். முடிவு தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் நடந்து பழகிய பெரியவர்கள் போய்விடலாம். அவர்களோடு சாட்சியும் போய்விடும். பாதை இருந்தது என்பதற்கு முதல் ஆதாரமே அதில் நடந்தவர்கள்தானே!

கிளம்புகிறவர்களுக்கு

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து மோரெட்டன்-இன்-மார்ஷ் வரை ரயில். சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து கேம்ப்டனுக்கு பஸ் பிடிக்க வேண்டும். கிராமத்து பஸ் அடிக்கடி வராது. ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். போகும் பஸ்ஸோடு திரும்பும் பஸ் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவைப்பது அவசியம்.

கேம்ப்டனிலிருந்து பிராட்வேக்கு நடப்பதே சுலபம். எதிர்த்திசையில் வந்தால் கோபுர ஏற்றம் ஆரம்பத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

மழை பெய்த மறுநாள் வயல் மண் பூட்ஸில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். பிடிமானமுள்ள காலணி, மழைக்கோட்டு, தண்ணீர் கட்டாயம். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். காலையிலேயே கிளம்ப வேண்டும். கோடையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும்.

கேட்களில் குழந்தை வண்டி நுழையாது. கைக்குழந்தை என்றால் முதுகுத் தொட்டில்தான் வசதி. ஆறேழு வயதுக் குழந்தைகள் நடந்துவிடுவார்கள், கோபுரத்துப் பக்கத்தில் மான் பார்க்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனால்.

பிராட்வே வந்து சேர்ந்ததும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, சூடான ஸ்கோனில் கிரீமும் ஜாமும் தடவிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். பூட்ஸை வாசலிலேயே தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அதில் ஒட்டியிருப்பது யாரோ ஒருவரின் வயல் மண்.